மரம் எனப்படுவது

முதல் வரைவில் மரம் என்றால்
இருபத்து நான்கு அங்குல விட்டம்.
தரையிலிருந்து நாலரை அடியில் அளக்க வேண்டும்,
மார்பு உயரம் என்று அதற்குப் பெயர்.
யாருடைய மார்பு என்று கேட்டார் ஆர்டீத் பாக்ஸ்லி,
நகர மன்றத்திலேயே குள்ளமானவர்.
எனக்கு அது நெற்றி, என்றார்.
சிரித்தார்கள்.
நான் குறிப்பில் எழுதவில்லை.

ஆர்லிஸ் கிராசிங், ஜார்ஜியா. ஒன்பதாயிரம் பேர்.
திட்ட அலுவலகத்தில் மூன்று நாற்காலி.
ஒன்றில் நான், ஒன்றில் கோப்புகள்,
மூன்றாவதில்
அட்லாண்டாவிலிருந்து வந்துகொண்டே இருக்கும் நகரம்.

பக்கத்து ஊர்ச் சட்டத்தை நகலெடுத்துத்தான் தொடங்கினேன்.
இரண்டு இடங்களில் அவர்கள் ஊர்ப்பெயரை மாற்ற மறந்தேன்.
வழக்கறிஞர் வின்டம் சிவப்பில் வட்டமிட்டுத் திருப்பினார்,
கூடவே ஒரு வரி:
பைன் மரமும் மரமா?

ஓடிஸ் ராக்லிக்கு அதில் சந்தேகமே இல்லை.
போன அக்டோபர் புயலில் ஒன்று
அவர் படுக்கையறைக்குள் வந்து படுத்தது.
மனைவி அப்போது சமையலறையில்
தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.
பேச மூன்று நிமிடம். மணி அடித்த பிறகும் நின்றார்:
"அவளுக்குத் தாகம் எடுக்காமல் இருந்திருந்தால்
எந்தப் பிரிவின் கீழ் நான் மனு போடுவது?"
அன்றிரவே ஒரு விலக்கு எழுதினேன்,
கூரையிலிருந்து பதினைந்து அடிக்குள் நிற்பவைக்கு.
அந்தச் சட்டத்திலேயே
வெட்கப்படாமல் நான் எழுதிய வாக்கியம் அது.

பிறகு பேரம்.
இருபத்து நான்கு இருபத்தேழானது,
இருபத்தேழு முப்பதானது.
நடுவில் எத்தனை மரம் விழும் என்று யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: நானூற்றுப் பதினொன்று.
ஒரு கை உயர்ந்ததும்
நானூற்றுப் பதினொரு மரங்கள் மரமாக இல்லாமல் போயின.
வெளியே ஓர் இலைகூட அசையவில்லை.

மூன்றுக்கு இரண்டு. முப்பது நாளில் அமல்.
அந்த முப்பது நாளும் ஊர் ரம்பச் சத்தத்தில் விழித்தது.
ஞாயிறு காலை, ஜெபத்துக்கு நடுவே அமைதி வரும் இடங்களில்
வடக்கே ஓர் இயந்திரம் ஆமென் சொல்லிக்கொண்டிருந்தது.
சட்டம் வராதவரை யாருக்கும் அவசரம் இருந்ததில்லை.
காப்பாற்ற வந்த தாள்தான்
கோடரிக்கு நாள் குறித்துக் கொடுத்தது.
அதன் கீழே என் கையெழுத்து.

பழைய பருத்தி ஆலைக்குப் பின்னால் ஒரு வெள்ளை ஓக் தப்பியது.
யாரும் அதைக் காக்கவில்லை, நிலம் வழக்கில் இருந்தது.
இப்போது ஹாலோவெல் நிறுவனத்துக்குக் கைமாறிவிட்டது.
எண்பத்தாறு வீடு, ஒரு நீச்சல் குளம்.
குடியிருப்பின் பெயர்: ஓக் நிழல்.

நாடாவைச் சுற்றினேன். இருபத்தொன்பதே முக்கால்.
மறுபடியும் அதே.
பட்டையில் ஒரு புடைப்பு,
அதன்மேல் ஓட்டினால் முப்பதைத் தாண்டும்.
எறும்புகள் நாடாவைக் கடந்து போயின,
எந்த எண்ணிலும் நிற்காமல்.
இருபத்தொன்பதே முக்கால் என்றே எழுதினேன்.
பொய் தெரியாதவன் இல்லை.
அவர்களிடமும் ஒரு நாடா இருக்கும்.

மழை நன்றாக இருந்தால்
இரண்டு வருடத்தில் கால் அங்குலம் பருக்கும்.

ஹாலோவெல்லின் விண்ணப்பம் திங்களன்று வந்தது.
வரைபடத்தில் வடக்கைக் காட்டும் அம்பு இல்லை,
திருப்பி அனுப்பினேன்.
மறுமுறை அளவுகோல் ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தது.
அதற்கடுத்து எட்டாம் பக்கக் கையொப்பம் நீல மையில்.
கறுப்பில்தான் வேண்டும் என்பது விதி.
நான் எழுதியதல்ல,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில்
யாரோ காரணம் சொல்லாமல் எழுதி வைத்தது.

ஒவ்வொரு திருப்பலுக்கும் இருபத்தொரு நாள்.
ஜன்னலுக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டது.
நான் முதல் பக்கத்திலிருந்து மறுபடி வாசிக்கிறேன்,
கால்புள்ளி கால்புள்ளியாக.